முன்பக்கம் துள்ளுகிறதா? ஷாக்கா, புஷ்ஷா?

ஷாக் அப்சார்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்), லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) எல்லாம் புதிதாக மாற்றிய பிறகும் காரின் முன்பக்கம் துள்ளினால் என் சந்தேகம் இரண்டின் மேல்தான் போகும்: ஷாக், இல்லையென்றால் ஆர்ம் புஷ், அதாவது ஆர்ம் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர். டயர் காற்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

ஷாக் சரியில்லை என்றால் வேகத்தடையைத் தாண்டிய பிறகும் பானெட் படகு மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்துக்கு மேலே பாடியை நன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் பெரும்பாலும் சரி, இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக்தான். புது ஷாக் எப்படிக் கெடும்? இரட்டைக் குழாய் வகையைப் படுக்க வைத்திருந்தால் எண்ணெய் இருக்க வேண்டிய அறைக்குள் வாயு புகுந்துவிடும், அதனால் பொருத்துவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுசாக அழுத்தி இழுக்க வேண்டும், அவசரத்தில் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

புஷ் கதையே வேறு. ஆட்டம் இருக்காது, விறைப்பு இருக்கும். சின்னக் குழியில்கூட வெடுக்கென்று தூக்கிப்போடும், அழுத்தினாலும் லேசில் இறங்காது. வண்டியைத் தூக்கிவைத்து, சக்கரம் தொங்கும்போதே புஷ்ஷின் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு இன்னொரு ஸ்பிரிங் போல மேலே தள்ளும். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பாடி) விளிம்பு வரை அளந்து பாருங்கள், முன்பைவிட உயரமாக இருக்கும். அப்படியே ஓட்டினால் ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடும்.

ஆர்மையும் மாற்றியிருந்தால் நான் புஷ்ஷில்தான் ஆரம்பிப்பேன், ஏனென்றால் எதையும் வாங்க வேண்டியதில்லை: போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போது டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பானர்) கார் நிறுவனம் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும், அவ்வளவுதான்.