நாய்க்குட்டி வாங்குமுன் காதைப் புரட்டிப் பாருங்கள்

சென்னையில் ஒரு பெட் ஷாப்பில் பீகிள் குட்டி வாங்கினோம். கடைப் பெயர் வேண்டாம், இதே வேலையைச் செய்கிற கடைகள் நிறைய இருக்கும். காட்டும்போது காது பளிச்சென்று இருந்தது, பவுடர் வாசனை வேறு. வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, குட்டி ராத்திரியெல்லாம் தலையை உதறுகிறது, பின்னங்காலால் காதைப் பிறாண்டுகிறது, மடலைத் தூக்கிப் பார்த்தால் டிகாஷன் இறங்கிய பிறகு பில்டரில் நிற்கிற காபித்தூள் மாதிரி கறுப்பாக அப்பிக் கிடக்கிறது.

கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனால், "அழுக்கு சார், பீகிள்னா காது தொங்கும், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி ஒரு சொட்டு மருந்தை விற்றார். விட்டதும் அரிப்பு நின்றது, நிறுத்தியதும் பழையபடி ஆரம்பித்தது. அதில் இருந்தது ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும். ஸ்டீராய்டு அரிப்பைத்தான் அடக்கும், சரியாகிவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், உள்ளே பூச்சிகளின் குடித்தனம் நடந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் முதலில் காதுக்குள் கருவியை விட்டு ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார் (கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் மாதிரி சில சொட்டு மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும், கடைக்காரர் எதையும் பார்க்காமல்தான் மருந்து கொடுத்தார்). பிறகு பஞ்சில் கறுப்பை எடுத்து ஸ்லைடில் எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். மைட்ஸ் (காதுக்குள் வாழ்கிற பொடிப் பூச்சி), கால்களை ஆட்டிக்கொண்டு நகர்கிறது!

குட்டிகளுக்கும் பூனைகளுக்கும் இது சட்டென்று ஒட்டும். எங்கள் பூனைக்கும் வந்திருந்தது, வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைத்தியம் பார்க்காவிட்டால் மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கும். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக ஏறக்குறைய 3 வாரம் ஆகும், அதனால் கடையில் செய்த மாதிரி காதைத் துடைத்துவிட்டால் அன்றைக்குச் சுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான். எங்களுக்குப் பிடரியில் விடுகிற செலமெக்டின் என்கிற சொட்டு மருந்து கொடுத்தார்கள், அது போதுமானதாக இருந்தது. நாய்க்கு வாங்கிய எதையும் கேட்காமல் பூனைக்கு விடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை செத்தே போகலாம். ஐவர்மெக்டின் ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் இனத்தைச் சொல்லிக் கேளுங்கள், கோலி வகை நாய்களுக்கு அது ஆபத்து. வேப்பெண்ணெய் வைத்தியமும் டாக்டர் பார்க்கும்வரை வேண்டாம். அதற்காகக் கறுப்பாக இருப்பதெல்லாம் மைட்ஸும் இல்லை, வளர்ந்த நாய்க்குக் காது சிவந்து நாறினால் பெரும்பாலும் ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) அல்லது பாக்டீரியா, மருந்தே வேறு. பார்க்காமல் சொல்கிறவர் எவராக இருந்தாலும் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார். தள்ளிப்போடவும் கூடாது, உதறி உதறியே மடலில் ரத்தம் கட்டி வீங்கி, கீறி எடுக்க வேண்டி வரும்.

கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ரசீதை நீட்டினார், "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று அடித்திருக்கிறது. பொருளாம்! 2018-இல் வந்த பெட் ஷாப் விதிகளின்படி கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முன்பணம் கொடுக்குமுன் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், குட்டியை உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மீதிப் பணம் என்று சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள்.