பெரம்பூர்ப் பக்கம் 2.5 ஜி ரவுட்டர் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

கொடுங்கையூர், வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் வீட்டிலேயே பழைய சர்வர் ஒன்றைப் போட்டு லினக்ஸ், நெட்வொர்க்கிங் பழகுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த காசில் வாங்குகிற சாமான் இது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்வரை அலையாமல் பக்கத்திலேயே வாங்கினால் சர்வீஸுக்கு வசதி என்று பெரம்பூரில் ஒரு கடைக்குப் போனேன். கேட்டது ஒன்றே ஒன்று: லேன் பக்கம் (வீட்டு மெஷின்களைக் கேபிளில் இணைக்கும் பக்கம்) இரண்டு 2.5 ஜி போர்ட், அதாவது நொடிக்கு 2.5 கிகாபிட் (2500 மெகாபிட்) போகும் போர்ட் வேண்டும், ஒன்றில் சர்வர், இன்னொன்றில் நாஸ் (ஃபைல்களைச் சேமித்து வைக்கும் நெட்வொர்க் பெட்டி). கடைக்காரர் உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். "தம்பி, இது ஏஎக்ஸ்5400. 5400 ஸ்பீடு வருது, 2.5 எல்லாம் எந்த மூலைக்கு?" பெட்டியின் பக்கவாட்டில் '2.5 ஜி' என்று ஸ்டிக்கரும் இருந்தது. ஒன்பதாயிரத்துச் சொச்சம். கூடவே 'கேட்6' (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்று கேபிளும் கொடுத்தார்.

மாட்டிய பிறகு நாஸிலிருந்து ஃபைல் காப்பி போட்டால் நொடிக்கு 112 மெகாபைட்டிலேயே நிற்கிறது. நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினால் நொடிக்கு 940 மெகாபிட். போர்ட் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று சொல்லும் ஈத்டூலில் லிங்க் 1000 (ஒரு கிகாபிட்) என்று காட்டுகிறது. என்னிடம் இருந்த பழைய கேபிளில் இரண்டு மெஷினையும் நேராக இணைத்தால் 2500 வருகிறது. அப்புறம் அந்த ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல உரித்தேன். அடியில் கம்பெனியே அச்சடித்திருக்கிறது: கிகாபிட் வான் (இன்டர்நெட் லைன் வரும்) போர்ட் 1, கிகாபிட் லேன் போர்ட் 4. அந்த இரண்டு வரியை மட்டும் மறைக்கிற அளவுக்கு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். தெரியாமல் நடந்த தவறு இல்லை இது.

5400 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸின் 574, 5 கிகாஹெர்ட்ஸின் 4804 இரண்டையும் கூட்டி ரவுண்டாக்கிய வைஃபை கணக்கு. காகிதத்தில் மட்டும் உள்ள உச்சம். கேபிள் போடும் போர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. வான் போர்ட் மட்டும் 2.5 ஜி, லேன் எல்லாம் கிகாபிட் என்று வருகிற ரவுட்டர்களும் உண்டு. வீட்டுக்குள் இரண்டு மெஷின் பேசிக்கொள்ள அது உதவாது. போர்ட் ஒவ்வொன்றின் வேகத்தையும் கம்பெனி தளத்தில், அதே மாடல், அதே ஹார்டுவேர் வெர்ஷன் போட்டுப் பாருங்கள். முடிந்தால் 2.5 ஜி கார்டுள்ள லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் கடையிலேயே செருகிப் பாருங்கள்.

கேபிளும் மோசம். பிளேடால் கம்பியைச் சுரண்டினால் சிவப்புப் போய் உள்ளே வெள்ளையாக மின்னுகிறது. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. கேட்6 என்றால் முழுச் செம்பாக இருக்க வேண்டும்.

திரும்ப எடுத்துப் போனால், "உங்க லைன்ல பிரச்சனை, நெட்காரன்கிட்ட கேளு" என்கிறார். வீட்டுக்குள்ளேயே நாஸும் சர்வரும் பேசிக்கொள்வதற்கு நெட்காரர் என்ன செய்வார்? அடுத்து, பில்லில் குத்தியிருந்த 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' முத்திரையைக் காட்டினார். அந்த முத்திரையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் கொடுத்தும் வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். விற்பவர் சொன்ன தரம் பொருளில் இல்லையென்றால் அதுவும் குறைதான். ஆனால் என் பில்லில் 'வைஃபை ரவுட்டர் 1' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார். மாடல், வெர்ஷன், '2.5 ஜி லேன் போர்ட் 2' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

உண்மையில் எனக்கு ஒரு சாதாரண 2.5 ஜி ஸ்விட்ச் (மெஷின்களைக் கேபிளில் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) போதும் என்பதைக்கூட அவர் வாய் திறந்து சொல்லவில்லை. வேறு இடத்தில் அதை வாங்கி நாஸையும் சர்வரையும் செருகினேன். இப்போது காப்பி நொடிக்கு 280 மெகாபைட்டைத் தொடுகிறது. இன்டர்நெட்டுக்குப் பழைய ரவுட்டரே ஓடுகிறது.

தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனான 1915-இல் புகார் பதிவாகியிருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். பொருளுக்குக் கொடுத்த காசு 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி யாரிடமாவது இருந்தால் உரித்துவிடாமல் முதலில் போட்டோ எடுத்து வையுங்கள்.