மரக் கோழிக்கூண்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு: கீரி நுழையவில்லை, செள்ளு வெளியேறவில்லை

"அக்கா, நீங்க வச்சிருக்கிற அதே கூண்டு இப்ப ₹7,500-க்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?" என்று அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி படத்தோடு கேட்டிருந்தான். நான் வாங்கியபோது ₹11,000. எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டதால் கீழே எழுதுவதில் கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கும். போன வாரம்தான் ஆசாரியைக் கூப்பிட்டு அதைப் பழுது பார்த்தேன் என்பதும் ஒரு காரணம்.

அளவு, எச்சத் தட்டு, சாய்ப்பலகை எல்லாம் விற்பவர்களே விரிவாகப் போட்டிருக்கிறார்கள், அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. 6 கோழி அடையும் என்பது சின்ன உடம்பு நாட்டுக்கோழியான சிறுவிடைக்குச் சரி. பெருவிடை வளர்த்தால் 4-க்கு மேல் அடைக்காதீர்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாழ்ப்பாள் அருமை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கண்மாய்க்கரை, கீரியும் மரநாயும் சர்வசாதாரணம். கூண்டு வந்தபிறகு ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. இரண்டு ஐப்பசி கார்த்திகை மழைக்கும் உள்ளே ஈரம் இறங்கவில்லை. முட்டைப் பெட்டியின் மூடி வெளிப்பக்கமாகத் திறப்பதால், காலையில் குனியாமல், கோழியைக் கலைக்காமல் முட்டை எடுக்கலாம். முட்டி வலிக்காரியான என் அத்தைக்கு இது ஒன்றுதான் இந்தக் கூண்டில் பிடித்த விஷயம்.

இப்போது அந்தக் கட்டைக்கு வருகிறேன். கோழி ராத்திரி உட்கார உள்ளே இரண்டு கட்டை இருக்கிறது. இரண்டு முனையையும் பலகையில் குழி வெட்டிச் செருகி, பின்னாலிருந்து ஸ்க்ரூ அடித்து, ஸ்க்ரூ தெரியாமல் மேலே பட்டி பூசியிருக்கிறார்கள். கழற்றவே முடியாது. பக்கப் பலகைகளும் ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்று செருகியவைதான். கூரையில் தார்த்தாளுக்கு அடியில் சட்டம், சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. பார்க்க அழகு. கோழியின் இரத்தம் குடிக்கும் செள்ளுப் பூச்சிக்கோ இது திருவிழாச் சத்திரம் மாதிரி: பகலெல்லாம் தங்கல், ராத்திரியானால் பந்தி.

சிவப்புச் செள்ளு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், இரத்தம் குடித்தபின் சிவப்பு. பகலில் கோழியைப் பிடித்து இறகைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் கண்ணில் படாது, ஏனென்றால் அது குடியிருப்பது கோழிமேல் அல்ல, கூண்டின் இடுக்கில். நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக ஒரு வாரம், பத்து நாள் போதும். இதைவிட வயிற்றெரிச்சல், இரத்தமே கிடைக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். "கூண்டைக் கொஞ்ச நாள் காலியாப் போடுங்க, தானா செத்துரும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

எங்களுக்கு முதலில் துப்பு கொடுத்தவை கோழிகள்தான். அந்தி சாய்ந்ததும் தானாகக் கூண்டுக்குள் போய்விடும் பெட்டைகள், வாசலில் நின்று தயங்கி, முருங்கையில் ஏற ஆரம்பித்தன. கொண்டை வெளுத்தது, முட்டை குறைந்தது. அடையில் இருந்த கருப்பி, குஞ்சு பொரிக்க நாலைந்து நாள் இருக்கும்போது முட்டையை விட்டு எழுந்துபோனாள். அடை வைக்கும்போது அத்தை முறைப்படி இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, மிளகாய் வற்றல் எல்லாம் போட்டிருந்தார். அவை இடிக்குக் காவலாம். செள்ளு அவற்றைச் சட்டை செய்யவில்லை. ராத்திரி டார்ச்சோடு போய், வெள்ளைத் துணியைக் கட்டையின் அடிப்பக்கத்தில் அழுத்தி இழுத்தேன். துணியெல்லாம் சிவப்புத் தீற்றல். உங்கள் கூண்டிலும் சந்தேகம் இருந்தால் இதுதான் சோதனை, வேறு கருவி வேண்டாம்.

இதையும் பேனையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பேன் கோழிமேலேயே வாழும், பட்டப்பகலில் ஆசனவாய்ப் பக்கம் இறகைப் பிரித்தால் வெளிர் மஞ்சளாக ஓடும், இறகின் அடித்தண்டில் முட்டை கொத்தாக ஒட்டியிருக்கும். சேவல் காலில் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது இன்னொரு வகைச் செள்ளு, செதிலுக்கு அடியில் குடைவது. வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்துத் துடைத்து, வாஸ்லினோ எண்ணெயோ கெட்டியாகப் பூசி, விடாமல் சில வாரம் தொடர்ந்தால் போகும். அதற்கெல்லாம் கூண்டைத் திட்டுவது நியாயமில்லை. குடற்புழுவும் அப்படித்தான், அது தரையோடும் தீவனத்தோடும் சேர்ந்த கதை.

நியாயம் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். செள்ளைக் கூண்டு கொண்டுவரவில்லை. சந்தையில் வாங்கிய கோழியோடு வரும், தீவனம் கொத்த வரும் குருவி, மைனாவோடு வரும். புதுக் கோழியை இரண்டு மூன்று வாரமாவது தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அத்தை பெருமையடிக்கும் மூங்கில் பஞ்சாரத்திலும் பின்னலுக்குள் செள்ளு அடையும். ஆனால் பஞ்சாரத்தைத் தூக்கிக் கொதிநீர் ஊற்றலாம், வேப்பிலைப் புகை காட்டலாம், சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கவிழ்க்கலாம், முடியாவிட்டால் அடுப்பில் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாம். என் கூண்டை இரண்டு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது.

மருந்து அடிக்காமலா இருந்தேன்? கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு, கோழிகளையும் முட்டையையும் தண்ணீர்த் தட்டையும் வெளியே எடுத்துவிட்டு டெல்டாமெத்ரின் அடித்தேன். வெளியே திரிவது சாகும். முட்டைக்கு ஒன்றும் ஆகாது, அதனால் ஒரு வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். மறுபடியும் அடித்தேன். குழிக்குள் இறங்கவில்லை. (மீந்த மருந்தைக் கண்மாயில் ஊற்றிவிடாதீர்கள், மீனுக்கு அது விஷம்.) நாமக்கல் பக்கம் பண்ணைகளில் ஃப்ளேம் கன் வைத்து இரும்புக் கூண்டைச் சுட்டு எடுப்பார்கள். மரத்திடம் அது நடக்குமா? வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து பழைய டூத் பிரஷால் இடுக்கில் தேய்த்தது ஓரளவு பலித்தது. சுண்ணாம்பைக் குழைத்து விரிசலை அடைத்ததும் பலித்தது, அழகு போய்விட்டது என்பதைத் தவிர.

நாய்க்கு உண்ணிக்குப் போடும் சொட்டு மருந்தைக் கோழிக் கழுத்தில் விடச் சொல்லி ஒருவர் அறிவுரை தந்தார். அதில் பல, ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்தவை. 2017-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப் பண்ணைகளில் இதே செள்ளுக்காக அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்தப்போய், அது முட்டையிலும் இறங்கி, ஐரோப்பாவில் பல லட்சம் முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். நாம் விடிந்ததும் ஆஃப்பாயில் போடும் முட்டை அது. வேண்டாம்.

எதிர்பாராமல் கைகொடுத்தது எது தெரியுமா? கூண்டு வந்த அட்டைப்பெட்டி. அதன் நெளிநெளியான உள்தாளைத் துண்டு போட்டுக் கட்டைக்கு அடியில் செருகிவைத்தால், விடியும்போது செள்ளெல்லாம் இருட்டு தேடி அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். எடுத்து அடுப்பில் போட்டு, புதுத் துண்டு செருக வேண்டியதுதான். ₹11,000-க்கு வாங்கியதில் செள்ளுக்கு எதிராக வேலை செய்தது இலவசமாக வந்த அட்டை. உடைந்த சிமெண்ட் தொட்டியில் செம்மண்ணும் அடுப்புச் சாம்பலும் கொட்டி வைத்திருக்கிறேன், கோழிகள் அதில் புரண்டு குளிக்கின்றன. பேனுக்கு நல்லது. இடுக்கில் இருக்கிற செள்ளுக்கு அதனால் ஒரு சேதாரமும் இல்லை.

கடைசியில் ஆசாரி வந்து கட்டையை அறுத்தே எடுத்தார். குழிக்குள் கருப்பும் சாம்பலுமாக அப்பியிருந்ததைப் பார்த்து, "இதுக்குள்ள ஒரு ஊரே இருக்கும்மா" என்று கையை உதறினார். குழிகளைப் பட்டி வைத்து அடைத்தார். தரையில் நிற்கிற மாதிரி இரும்புக் கால் வைத்து, சுவரைத் தொடாமல் புதுக் கட்டை போட்டுத் தந்தார். கூலியும் சாமானும் சேர்த்து ₹900. நான்கு காலையும் பழைய டப்பாவில் எண்ணெய் ஊற்றி நிறுத்தியிருக்கிறேன், இடுக்கிலிருந்து ஏற வேண்டுமானால் எண்ணெயைத் தாண்டித்தான் வர வேண்டும். இப்போது துணியில் சிவப்பு இல்லை. பெட்டைகள் முருங்கையை மறந்துவிட்டன.

தாழ்ப்பாளுக்கு முழு மதிப்பெண், மழை தாங்குவதற்கு முழு மதிப்பெண், முட்டைப் பெட்டிக்கு அத்தை சார்பில் முழு மதிப்பெண். இவற்றை மட்டும் பார்த்தால் 5-க்கு 4 கொடுக்கலாம். நான் கொடுப்பது 1. கழற்ற முடியாத கட்டையை வைத்துக் கூண்டு செய்கிறவர் ஒரு ராத்திரியாவது கோழி வளர்த்திருப்பாரா?

₹7,500 ஆசை காட்டுகிறது, வாங்கியே தீருவேன் என்றால் கோழியை ஏற்றுவதற்கு முன்பே ஆசாரியைக் கூப்பிடுங்கள். புதுசாக இருக்கும்போது அறுப்பது சுலபம், கையில் அரிப்பும் ஏறாது. அந்த ₹900-ஐ விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். பெட்டியை மட்டும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.