தொட்டில் பக்கத்து மரச் சட்டம்: பெயிண்டா, புடவைத் துணியா, தேன்மெழுகா?

குழந்தை பிறக்கும் முன்னால் அதற்கென்று எதுவும் வாங்கி வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் தங்கை மகளின் அறை அலங்காரம் முழுவதும் பிரசவத்துக்கும் தொட்டிலில் போடும் நாளுக்கும் நடுவில்தான் நடந்தது. அதில் ஒன்றுதான் அறையில் வைக்கும் மரப் படச் சட்டத்தை (ஃபிரேமை) அலங்கரிப்பது. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் செய்கிற வேலை இது. அழகு இரண்டாவதுதான். நெடி இல்லாமல் சீக்கிரம் காய்கிறதா, ஆறேழு மாதத்தில் அவள் கையில் சிக்கி வாய்க்குப் போனால் ஆபத்து இல்லையா என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

பெயிண்ட் என்றதும் பலர் எடுப்பது எனாமல். பளபளக்கும், ஈரத் துணியால் துடைக்கலாம், வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் தின்னர் நெடி போக நாள் கணக்காகும். பரணில் கிடக்கும் பழைய டப்பாவையோ தொடவே கூடாது. வீட்டு பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற நஞ்சு ஈயம். பழைய மரச் சட்டத்தைப் புதுசாக்குகிறேன் என்று அதன் பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பது இன்னும் மோசம், தூள் வீடு முழுக்கப் பரவும். பெயிண்ட் படாத புது மரச் சட்டமே வாங்குங்கள்.

அக்ரிலிக் பெயிண்ட் தண்ணீரில் கரையும், நெடி குறைவு, ஒரு பூச்சு அரை மணி நேரத்தில் தொடுகிற அளவுக்குக் காய்ந்துவிடும். 120 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, 220-இல் மழமழவென்று ஆக்கி, இரண்டு பூச்சு கொடுத்தேன். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதிலும் அடர் நிறமும் வெள்ளையும் சேர்ந்த கோடுகள்தான் கண்ணைப் பிடிக்கும். கறுப்பில் வெள்ளைக் கோலம் போட நினைத்தேன். "பச்சப் புள்ள இருக்கிற ரூம்ல கறுப்பா?" என்று அம்மா முகம் சுளித்தார். சரி, அடர் காவியில் வெள்ளைப் புள்ளிக் கோலம் என்று மாற்றினேன். வாசல் கோலமே வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது! சுவரில் இருந்தால் அவளுக்குத் தெரியாது என்பதால், விழித்திருக்கும் நேரத்தில் தங்கை அதை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுகிறாள்.

மனசுக்கு நெருக்கமானது துணிச் சட்டம்தான். தூளி கட்ட எடுத்த அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. பல வருடம் துவைத்த துணி, சாயம் போகாது, மூலையில் மடித்தாலும் தடிக்காது. நறுக்கும்போது நூல் பிரியாமல் இருக்கக் கஞ்சி போடச் சொல்வார்கள். வேண்டாம், கஞ்சிக்குப் பூச்சி வரும். துணியின் பின்பக்கம் ஃபெவிகாலை மெல்லத் தடவிக் காயவைத்து வெட்டினாலே ஓரம் நிற்கும். ஒட்டும்போது ஃபெவிகாலில் நிறையத் தண்ணீர் கலந்தால் ஈரம் மேலே ஊறித் திட்டுத் திட்டாகிவிடும். விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினால் குமிழி வராது. குறை ஒன்றுதான்: தூசி பிடிக்கும், ஈரத் துணியால் துடைத்தால் பசை இளகும். ஆகவே கைக்கு எட்டாத உயரத்தில் மட்டும்.

தேன்மெழுகு தேய்த்த மரம் எளிமையான அழகு, வேலையும் கம்மி. ஆனால் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், அது காயவே காயாது, பிசுபிசுவென்று தூசியை இழுக்கும்.

மணி, சோழி, ஜிகினா ஒட்டுவதை நான் சேர்க்கவே இல்லை. சுமார் 3.2 சென்டிமீட்டர் அகலக் குழாய்க்குள் அடங்கிவிடுகிற எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். பசை எத்தனை நாள் பிடிக்கும் என்று யார் கண்டது?

ஒன்றுதான் செய்ய நேரம் என்றால் அக்ரிலிக் கோலம்தான். இரண்டு செய்ய முடிந்தால் துணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் சட்டத்தில் இருக்கும் கண்ணாடியை எடுத்துவிட்டு அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு போடுங்கள். தொட்டிலுக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். எங்கள் துணிச் சட்டம் எதிர்ச் சுவரில், இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது.