கல்தொட்டியா, பிளாஸ்டிக் தொட்டியா?

குளிர் நாடுகளில் குதிரை வளர்ப்பவர்களுக்குத் தொட்டித் தண்ணீர் பனிக்கட்டியாக உறைவதுதான் கவலை. மின்சார ஹீட்டரெல்லாம் போடுகிறார்கள். காரைக்குடிப் பக்கம் நமக்குத் தலைகீழ்ச் சிக்கல். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் வெந்நீராகிவிடுகிறது. குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 25 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும். சூடான தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் குடல் வறண்டு வயிற்றுவலி வரலாம். மாட்டுக்கும் தண்ணீர் குறைந்தால் தீவனம் இறங்காது.

கருங்கல் தொட்டி தடிமனானது, மெதுவாகத்தான் சூடேறும். விடியலில் நிரப்பினால் உச்சிவேளை வரை தாங்கும். ஆனால் மண்பானைபோல நீர் கசிந்து குளிரும் என்று நம்புவது வீண். கருங்கல்லில் அப்படிக் கசிவதில்லை. நாள் முழுக்க வெயிலில் கிடந்த கல், இரவிலும் சூட்டை விடாது. ஆகவே வேப்பமர நிழல் கட்டாயம். உள்ளே அவ்வப்போது சுண்ணாம்பு அடித்தால் பாசி குறையும். இடம் மாற்ற நான்கு ஆளாவது வேண்டும். இப்போதெல்லாம் பழைய கல்தொட்டிகள் தாமரை வளர்க்கப் போய்விடுகின்றன, மாட்டுக்கு மிஞ்சுவதில்லை.

பிளாஸ்டிக் தொட்டி மலிவு, கவிழ்த்துத் தேய்க்கலாம், நிழல் நகர நகர இழுத்துப் போகலாம். கறுப்பு நிறத்தை மட்டும் வாங்காதீர்கள், சீக்கிரம் சூடேறும். எந்த நிறமானாலும் வெயிலிலேயே கிடந்தால் நாளடைவில் விளிம்பு வெடிக்கும். மஞ்சுவிரட்டுக் காளை ஒரு முட்டு முட்டினால் கதை முடிந்தது.

நிழலும் நிரந்தர இடமும் இருந்தால் கல்லையே எடுப்பேன். பந்தயத்துக்கு வண்டியில் ஏற்றிப்போகும் குதிரைக்குப் பிளாஸ்டிக்தான்.