பணமா, ஆளா? முதியோர் பராமரிப்பில் ஜெர்மனியும் ஜப்பானும்

நாங்கள் இருப்பது ஜெர்மனியில். மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, பராமரிப்பு நிலை 3 (எவ்வளவு உதவி தேவை என்பதற்கான படிநிலை) என்று கடிதம் வந்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. பராமரிப்பு நிறுவனத்தின் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் அந்தச் செலவில் மாதம் 1,497 யூரோ வரை பராமரிப்புக் காப்பீடு கொடுக்கும். நானே பார்த்துக்கொண்டால் 599 யூரோ ரொக்கமாக வரும். ரொக்கத்தையே எடுத்தோம்.

ஜெர்மனி இந்தக் கட்டாயக் காப்பீட்டை 1995-இல் தொடங்கியது, ஜப்பான் 2000-இல்.

ஜப்பான் ரொக்கம் தருவதில்லை, சேவை மட்டுமே. கட்டணத்தில் பெரும்பாலோர் 10 சதவீதம் கட்டுகிறார்கள், வசதியுள்ளவர்கள் 20 அல்லது 30. பணம் கொடுத்தால் பாரம் மறுபடி மருமகள்கள் தலையில்தான் விழும் என்று அங்கே பெண்கள் அமைப்புகள் வாதாடின. நானும் மருமகள்தான், அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. திட்டம் போட்டு, ஆட்களை ஏற்பாடு செய்துதரும் பராமரிப்பு மேலாளர் அங்கே உண்டு. இங்கே அந்த அலைச்சல் என்னுடையதாயிற்று.

ஆனாலும் நான் ஜெர்மனியின் பக்கம்தான். காரணம் 599 யூரோ அல்ல, என் ஓய்வூதியம். வாரம் 10 மணி நேரமாவது, இரண்டு நாட்களுக்குக் குறையாமல் ஒருவரை வீட்டில் பராமரித்து, வெளிவேலை வாரம் 30 மணி நேரத்தைத் தாண்டாதிருந்தால், பராமரிப்பவரின் ஓய்வூதியச் சந்தாவைக் காப்பீடே செலுத்துகிறது. மாமியாரைப் பார்க்க வேலையைக் குறைத்த பெண் தன் முதுமையில் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. தொகை பெரிதல்ல. ஆனால் நான் செய்வது வேலை என்று அரசாங்கத் தாள் ஒன்றில் பதிவாகிறது.

நிலையை முடிவு செய்ய மதிப்பீட்டாளர் வந்த அன்று, மாமி தலை வாரி, நல்ல சட்டை உடுத்தி உட்கார்ந்திருந்தார். “எல்லாம் நானே செய்வேன்” என்று சொல்லிப் பொத்தானைப் போட்டுக் காட்ட முயன்றார். விரல் மூன்று முறை வழுக்கியது. மதிப்பீட்டாளர் அம்மா எதுவும் பேசாமல் குறித்துக்கொண்டார். வீட்டில் இப்படி ஒரு நாள் வந்தால், முந்தின வாரம் எதற்கெல்லாம் உதவி தேவைப்பட்டது என்று எழுதிய நாட்குறிப்பைக் கையில் வைத்திருங்கள்.

நான் வாழ்ந்து பார்த்தது ஜெர்மன் முறையை மட்டும்தான். மறதி நோய் முற்றிய ஒருவரை இரவும் பகலும் பார்க்கும் வீட்டுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். முதியோர் இல்லம் என்றால் இங்கும் காப்பீடு ஒரு பகுதியைத்தான் தருகிறது, மீதி கையிலிருந்து போகும்.

ரொக்கம், ஆள் இரண்டையும் கலந்து எடுக்கவும் இங்கே சட்டத்தில் இடமுண்டு. போன மாதம் அப்படி மாற்றிவிட்டோம்: காலையில் குளிப்பாட்ட ஆள் வருகிறார், மற்ற நேரத்துக்கு நான் இருக்கிறேன்.