நத்தாருக்கு யாருக்கு எந்தச் சிவப்பு வைன்? பாரிஸில் நான் வாங்கிக் கொடுப்பவை

டிசம்பர் பிறந்தால் பாரிஸ் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் மரப்பெட்டிகள் ஏறிவிடும். இரண்டு போத்தல் சிவப்பு வைன், ஒரு தக்கை திறப்பான், கொஞ்சம் வைக்கோல், மேலே தங்க எழுத்து. அந்தப் பெட்டிகளை வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் 35 யூரோவில் ஒரு பெரிய பங்கு பலகைக்குப் போகிறது. உள்ளே கிடக்கும் வைனைத் தட்டில் தனியாக வைத்திருந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். அதே காசுக்கு உண்மையிலேயே நல்ல போத்தல் ஒன்றை எடுத்து, கடைக்காரர் தரும் காகிதப் பையில் வைத்தே கொடுக்கலாம். வாங்குபவருக்கு வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும்.

நான் 11ஆம் வட்டாரத்தில் ஒரு சிறிய உணவகத்தில் வேலை செய்கிறேன். கோப்பை கழுவுவதில் தொடங்கி, குசினிக்குள் போய், இப்போது மேசைகளுக்கு வைன் ஊற்றுகிறேன். நத்தார் கிட்டினால் தெரிந்தவர்கள் கேட்பார்கள்: "பத்ரோனுக்கு (முதலாளிக்கு) என்ன குடுக்கலாம்? பக்கத்து வீட்டு மதாமுக்கு?" கேட்டுவிட்டு, கடைசியில் எல்லோருக்கும் ஒரே போர்தோவில் ஐந்தாறு போத்தல் வாங்கிவிடுவார்கள். வைன் விளையும் பகுதிகளில் போர்தோ பெரிய பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்காகவே மலிவு விலையில் குவியல் குவியலாக விற்கப்படும் சாதாரண வைனும் அங்கிருந்து ஏராளமாக வருகிறது. நான் முதலில் யோசிப்பது, இந்தப் போத்தல் எந்த மேசையில், எந்தச் சாப்பாட்டோடு திறபடப் போகிறது என்பதை. அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அக்கா வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நத்தார் இரவு அங்கே ஆட்டிறைச்சிக் கறி, பிட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. வறுத்த தூளின் உறைப்பு நெற்றியில் வியர்க்க வைக்கும். அந்த மேசைக்குப் போர்தோவின் மெதோக் பகுதி இளம் வைன் ஒன்றைக் கொண்டுபோனால் கறியும் கெடும், வைனும் கெடும். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் துவர்ப்பு, பீப்பாய் மரத்தின் துவர்ப்பு, அதோடு 14 சதவீத மதுசாரம், எல்லாமாகச் சேர்ந்து மிளகாயின் எரிவைக் கூட்டிவிடும். வைனிலோ பழமே தெரியாது. கசப்பு மட்டும் நாக்கில் நிற்கும். எங்கள் சாப்பாட்டுக்குச் சிவப்பு வைன் ஒத்துவராது என்று பலர் முடிவு கட்டியிருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அத்தானுக்கு நான் கொண்டுபோவது மோர்கோன். லியோனுக்கு வடக்கே போஜோலே மலைச்சரிவுகளில் தங்கள் சொந்தப் பெயரிலேயே வைன் விற்கும் உரிமை பெற்ற பத்து இடங்கள் உண்டு. மோர்கோன் அவற்றில் ஒன்று, ஃப்ளூரி இன்னொன்று, முலான்-ஆ-வோன் மற்றொன்று. திராட்சை ஒன்றே ஒன்று: கமே. 1395இல் பூர்கோஞ் கோமகன் பிலிப் இந்தத் திராட்சையைத் தன் நாட்டிலிருந்து பிடுங்கி எறியச் சொல்லிக் கட்டளையிட்டான். தெற்கே போஜோலேயின் கருங்கல் மண்ணில் அது வேர்விட்டு நின்றுகொண்டது. துவர்ப்புக் குறைவு, புளிப்புச் சற்றுத் தூக்கல், செரிப் பழ வாசம், மதுசாரம் பெரும்பாலும் 13 சதவீதத்துக்குப் பக்கத்தில். உறைப்புக் கறிக்கு நடுவில் இது ஒரு மிடறு ரசம் குடித்தது மாதிரி வாயைத் துடைத்துவிடும். அடுத்த கவளத்துக்கு நாக்குத் தயாராகிவிடும். குடிப்பதற்கு முன் அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். 14 பாகை அளவில்தான் இது மலரும். "சிவப்பு வைனை ஆரும் பிரிட்ஜுக்குள்ள வைப்பினமோ தம்பி?" என்று அத்தான் கேட்டார். முதல் கிளாஸுக்குப் பிறகு போத்தலைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். விலை 14 முதல் 18 யூரோ. என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளிவரும் போஜோலே நூவோ வேறு. அறுவடை முடிந்து சில கிழமைகளிலேயே போத்தலுக்குள் போகும் வைன் அது. அந்தக் கிழமையின் கொண்டாட்டத்துக்கு உரியது. மிஞ்சியதை டிசம்பர் கடைசியில் விலை குறைத்து அடுக்கி வைத்திருப்பார்கள். பரிசாகக் கொடுக்க அதை எடுக்காதீர்கள்.

எங்கள் குசினியின் தலைமைச் சமையல்காரர் தென்மேற்குக்காரர். வைன் தெரிந்த மனிதருக்கு வைன் கொடுப்பது பயமான வேலை என்பார்கள். எனக்கு அப்படியில்லை, அவர் ஊர் வைனையே கொடுக்கிறேன். லோ ஆற்றின் வளைவுகளில் விளையும் காவோர். 70 சதவீதமாவது மல்பெக் திராட்சை இருக்க வேண்டும் என்பது அங்கத்தைய சட்டம். இன்று மல்பெக் என்றால் உலகம் ஆர்ஜென்ரீனாவைத்தான் நினைக்கிறது, ஆனால் அதன் தாய்வீடு இந்தப் பக்கம். 1956 பெப்ரவரி உறைபனியில் அங்கத்தைய கொடிகள் ஏறத்தாழ முழுவதுமே செத்துப்போயின. மறுபடி நட்டு வளர்த்து, 1971இல்தான் காவோருக்கு அரசின் பெயர்ப் பாதுகாப்புக் கிடைத்தது. மை போன்ற கறுப்பு, ப்ளம் பழம், கொஞ்சம் மண்வாசம். வாத்துக்காலுக்கும் வெள்ளை அவரைக்குமென்றே பிறந்த வைன். நான் எடுப்பது ஐந்தாறு வருடமானது. இளசாக இருந்தால் பல்லைப் பிடிக்கும். 15 யூரோவுக்குக் கிடைக்கும் காவோர், 30 யூரோ போர்தோவின் பக்கத்தில் கூசாமல் நிற்கும். ஊர்விட்டு வந்தவர்களுக்கு ஊர்ப் பொருள் கையில் வரும்போது முகம் எப்படி மாறும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் வயதான மதாமுக்கு அரைப் போத்தல் ஷினோன், 37.5 சென்ரிலீற்றர். தனியாக இருப்பவர்களுக்கு முழுப் போத்தல் சுமை. மத்தியானம் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு மூடி வைத்தால் மூன்றாம் நாள் வாசம் போய்விடும்; எறியவும் மனம் வராது. லுவார் பள்ளத்தாக்கின் ஷினோன், கபர்னே ஃப்ரோன் திராட்சையில் செய்வது. மெலிந்த உடம்பு, ராஸ்பெரி வாசம், ஓரத்தில் பச்சைக் குடைமிளகாய் மணம். ஆட்டுப்பால் சீஸோடு சுகமாக இருக்கும். 7, 8 யூரோதான், ஆனால் எல்லாக் கடைகளிலும் அரைப் போத்தல் இருக்காது. முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பத்திரங்கள் பார்த்துத்தரும் வழக்கறிஞர், கணக்காளர் போன்றவர்களின் வீட்டு மேசை நமக்குத் தெரியாது. அங்கே பெயர் உதவும்: போர்தோவின் சென்ற் எமிலியோன். மெர்லோ திராட்சை முன்னுக்கு நிற்பதால் மெதோக்கைவிட விரைவில் மென்மையாகிவிடும். யார் வீட்டிலும் பொருந்தும். ஆனால் லேபலை நிதானமாக வாசியுங்கள். 'சென்ற் எமிலியோன் கிரோன் க்ரூ' என்பது ஒரு பெயர்ப் பிரிவு மட்டுமே; நூற்றுக்கணக்கான தோட்டங்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம். பின்னால் 'க்ளாஸே' என்ற சொல்லும் இருந்தால்தான் அது தரப்படுத்தலில் தேறிய தோட்டம். விலை அங்கே எங்கேயோ போய்விடும். 1855இன் புகழ்பெற்ற போர்தோ தரப்பட்டியலில் சென்ற் எமிலியோன் சேர்க்கப்படவில்லை. 1955இல் இருந்து அவர்களுக்குத் தனிப் பட்டியல். 25 யூரோவுக்கு, தோட்டத்திலேயே போத்தலில் அடைத்தது என்று எழுதியிருக்கும் கிரோன் க்ரூ ஒன்று போதும்.

சம்பந்தி வீட்டுக்கு ஷத்தோநெஃப்-து-பாப். அவினியோனில் பாப்பரசர்கள் இருந்த 14ஆம் நூற்றாண்டை நினைவூட்டும் பெயர் அது. பல தோட்டங்கள் போத்தல் கண்ணாடியிலேயே பாப்பரசரின் திறப்புகளைப் புடைப்பாகப் பதித்திருக்கும். கையில் வாங்கும்போதே கனம் தெரியும். 30 யூரோவுக்குக் குறைவாக நல்லது கிடைப்பது கஷ்டம். மதுசாரம் 14.5, 15 என்று போகும், ஆகவே உறைப்பு மேசைக்கு ஆகாது. வாட்டிய ஆட்டுத்தொடை இருக்கும் வீட்டுக்குக் கொடுங்கள்.

மாமியை மறக்க முடியாது. "எனக்கு உந்தக் கசப்பு வேண்டாம் மோனை" என்று சிவப்பு வைனை ஒதுக்கிவிடுவா. அவவுக்குப் பான்யுல்ஸ். ஸ்பெயின் எல்லையோரம், மத்தியதரைக் கடலுக்கு மேலே செங்குத்தான கல் வரம்புகளில் விளையும் கிரெனாஷ் திராட்சை. பழச்சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் மதுசாரத்தைச் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். திராட்சையின் சீனியில் ஒரு பங்கு மதுசாரமாக மாறாமல் உள்ளே தங்கிவிடும். ஆகவே இனிப்பு இயற்கையானது. பலமும் உண்டு, 16 சதவீதம் அளவில். அத்திப்பழம், கோப்பி, காய்ந்த திராட்சை வாசம். மாமி தானே செய்யும் ரிச் கேக்கோடு ஒரு சின்னக் கிளாஸ் வைத்துப் பாருங்கள்! ரவையும் முந்திரியும் கறுவாவும் கலந்த அந்தக் கேக்குக்கு இதைவிடப் பொருத்தமான வைனை நான் ஊற்றியதில்லை. கறுப்புச் சொக்கிலேட்டுக்கும் இதுதான். பீப்பாயில் பழுக்க வைத்த வகையைக் கேட்டு வாங்குங்கள். திறந்த பிறகும் பிரிட்ஜில் வாரக்கணக்கில் கெடாது. மாமி தைப்பொங்கல் வரைக்கும் வைத்துக் குடிப்பா. 18 முதல் 22 யூரோ.

குடியை விட்டுவிட்ட ஒருவர் உங்கள் உறவில் இருந்தால் அவர் வீட்டுக்கு வைன் கொண்டுபோகவே வேண்டாம், மனைவிக்கென்று சொல்லியும் வேண்டாம். இரவு வேலை, குளிர், தனிமை என்று குடிக்குள் விழுந்து, பிறகு பெரும்பாடுபட்டு எழும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில தோட்டக்காரர்கள் கமே திராட்சையிலேயே சாறு பிழிந்து போத்தலில் விற்கிறார்கள். 6, 7 யூரோ. பார்வைக்கும் அழகு, ருசியும் உண்மையானது. கர்ப்பிணிகள், முஸ்லிம் நண்பர்கள் இருக்கும் வீடுகளுக்கும் அதையே கொடுக்கிறேன்.

வாங்குவது பெரிய அங்காடியை விடத் தெருமுனை வைன் கடையில் நல்லது. "ஆட்டிறைச்சி, நல்ல காரம், 15 யூரோ" என்று மூன்றையும் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் உடனே கண்ணாடியை விட்டு உள்தட்டுப் பக்கம் போவார். லேபலில் தங்கப் பதக்கம் ஒட்டியிருந்தால் அதிலுள்ள வருடத்தையும் யார் கொடுத்தது என்பதையும் பாருங்கள். பதக்கம் தரும் போட்டிகள் பல, எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பில்லை. பிரெஞ்சு வீட்டுக்குக் கொண்டுபோனால் அவர்கள் அன்றைக்கே திறக்காமல் எடுத்து உள்ளே வைக்கலாம். அன்றைய சாப்பாட்டுக்கான வைன் ஏற்கெனவே தெரிவாகியிருக்கும், மனவருத்தப்பட வேண்டாம். அரைப் போத்தலும் பான்யுல்ஸும் டிசம்பர் 20க்குப் பிறகு கிடைப்பது அருமை. அதற்கு முன்பே வாங்கி, ஹீற்றருக்குத் தூரமாகப் படுக்க வைத்துவிடுங்கள்.